ஜிம்மியின் ஸ்கானை எனக்குக் காட்டினார்கள்

இஞ்சாருங்கோ,

எப்போதும் கூப்பிடுகிற மாதிரி அன்பாகத்தான் கூப்பிடுகிறேன். ஆனால் நெஞ்சு கொதிக்கிறது.

உங்கள் செல்ல நாய் ஜிம்மி ஒரு கிழமையாகச் சாப்பிடவில்லை. இன்று காலை தங்கச்சி வசந்தியோடு செவன் ஹில்ஸில் உள்ள மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். வயிற்று மயிரை வழித்து ஸ்கான் செய்தார்கள். முடிந்ததும் டொக்டர் கூப்பிட்டார். நான் எழும்ப, வசந்தி கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, நீ வெளியிலை இரு. நான் கதைக்கிறன். அத்தானுக்கும் நான்தானே கதைச்சனான்."

"அத்தானுக்கு என்னத்தைக் கதைச்சனி?"

முழுசினாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். உங்களுக்குப் புற்றுநோய் என்பது முதல் ஸ்கானிலேயே தெரிந்துவிட்டதாம். "அக்கா தாங்கமாட்டாள் எண்டு அத்தான்தான் சத்தியம் வாங்கினவர்" என்று அழுதாள்.

நான் தாங்கமாட்டேனா? நீங்கள் கண்ணை மூடின பிறகு வேறு யார் தாங்குகிறார்கள்?

அவளைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். டொக்டர் திரையை என் பக்கம் திருப்பி, மண்ணீரலில் இருக்கும் கட்டியைக் காட்டினார். புற்றுநோயாக இருக்கலாமாம். ஊசியால் எடுத்துச் சோதிக்க அனுப்பியிருக்கிறார்கள். நாயின் ஸ்கானை எனக்குக் காட்டினார்கள். உங்களுடையதை?

அன்றைக்கு ஸ்கான் முடிந்து வந்து, "ஒண்டுமில்லையப்பா, வயித்திலை காஸ்தான்" என்றீர்கள். பென்டில் ஹில் கடையில் கொத்துரொட்டியும் வாங்கி வந்தீர்கள். நான் விசரி, பிள்ளையாருக்கு நேர்ந்தபடி சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்களே, தொண்டையில் சிக்கவில்லையா? புல் வெட்டாமல் படுத்தே கிடக்கிறீர்கள் என்று பிறகு நான் ஏசியபோதும் வாய் திறக்கவில்லை. ஏசட்டும் என்று விட்டுவிட்டீர்கள்.

பின்னேரம் மெல்பேர்னில் இருந்து மகன் போன் எடுத்தான். "ஜிம்மிக்கு என்னம்மா?"

"ஒண்டுமில்லை, காஸ்" என்று வாய்வரை வந்தது, பாருங்கோ. விழுங்கிக்கொண்டு உள்ளதைச் சொன்னேன்.

"அப்பாவுக்கும் இப்பிடிச் சொல்லியிருந்தா நான் முதலே வந்திருப்பனே. ஏனம்மா மறைச்சனீங்கள்?"

ஐயோ, இவ்வளவு காலமும் நான்தான் மறைத்தேன் என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்!

சனிக்கிழமை வருகிறான். ஜிம்மியின் சோதனை முடிவு எதுவானாலும் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்பேன். உங்களைப் பற்றியும் உள்ளபடி சொல்லுவேன். உங்கள் பேரைக் காப்பாற்ற ஒரு பொய்யும் என் வாயில் வராது. இது நான் உங்களுக்குச் செய்கிற சத்தியம்.

உங்கள் பொய்க்குப் பொங்கல் வைத்த மனைவி,
ராணி