அத்தானின் ஒரிஜினல் ரேடியேட்டர்

ஊரார் கார் பானட்டுக்கு ஒரு நியாயமும் உங்கள் பானட்டுக்கு ஒரு நியாயமும் வைத்திருந்த என் அருமை அத்தானுக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்க வழியில்லை. போன இடத்திலும் யாரையாவது நிறுத்தி, "இந்தச் சக்கர மூடி உங்க மாடல்ல வராதே" என்று குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இங்கே உங்கள் இரும்புக்கடை இருக்கிறது, உங்கள் பழைய பியட் கார் இருக்கிறது, உங்கள் மன்றம் இருக்கிறது. மூன்றில் ஒன்றுகூட நான் கேட்டு வாங்கியதில்லை.

பழைய கார்க்காரர்களுக்காக நெட்டில் நீங்கள் ஆரம்பித்த அந்த மன்றத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதை அங்கேயே முதல் பக்கத்தில் போடப் போகிறேன். உங்கள் சீடகோடிகள் படித்துவிட்டுப் போகட்டும். உங்கள் பெயரை அந்தப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று போன மாதம் ஓட்டுப் போட ஆரம்பித்தார்கள், தெரியுமா? நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம்தான் ஆகிறது.

அருப்புக்கோட்டையில் பகலெல்லாம் ஆணியும் தாழ்ப்பாளும் விற்ற மனிதர், சாயங்காலமானால் பழைய கார் வைத்திருக்கும் உலகத்துக்கே தலைவர். மதுரையிலிருந்து கேட்பார்கள், கோயம்புத்தூரிலிருந்து கேட்பார்கள், துபாயில் உட்கார்ந்துகொண்டு காரைக்குடியில் நிற்கும் வண்டிக்கு மருந்து கேட்பார்கள். "ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடுகிறது தலைவரே" என்று ஒருவர் எழுதினால், "முதலில் பெட்ரோல் இருக்கிறதா பாருங்கள்" என்று பதில் போடுவீர்கள். பாதி நேரம் அதுதான் சரியான பதிலாக இருக்கும். அப்படிப்பட்ட அறிவாளிகளின் கூட்டம் அது.

நீங்கள் போன அன்று "ஆலமரம் சாய்ந்தது" என்று ஒருவர் எழுத, கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். அதில் மூன்றாவதாக ஒருவர்: "இந்த நேரத்தில் கேட்பது தவறுதான். தலைவரிடம் பின்விளக்குக் கண்ணாடி ஒரு ஜோடி உபரியாக இருந்தது. வீட்டாரிடம் யாராவது கேட்டுச் சொல்ல முடியுமா?" உங்களை இன்னும் வீட்டிலிருந்து எடுக்கவே இல்லை அத்தான். கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தபோது சாய்ந்த உடம்பு, கூடத்தில் கிடந்தது. நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். யாரோ சொந்தக்காரப் பையன் துக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்து அதை எனக்கு வாசித்தும் காட்டினான்.

அந்தக் கண்ணாடியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. பரணில் போட்டு வைத்திருக்கிறேன், வெறும் வீம்புக்காக.

மன்றத்தில் சேர வருகிறவர்கள் பானட்டைத் திறந்து படம் போட வேண்டும் என்பது நீங்கள் கொண்டுவந்த வழக்கம். பெண் பார்க்கப் போன மாமியார் மாதிரி அதை நீங்கள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள். ஒரு கிளிப் மாறியிருந்தாலும் போச்சு. "ஒரிஜினல் இல்லாத வண்டி வண்டியே இல்லை." இதுதான் முதல் விதி.

எம்.ரெட்டியபட்டி பால்பாண்டி அப்படித்தான் வந்தான். பருத்தி போடுகிறவன். பழைய பியட் ஒன்றை வைத்துக்கொண்டு, ஊரில் பிரசவம் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிப் போகிறவன். வெயிலுக்கு இன்ஜின் சூடு தாங்கவில்லை என்று, அதை ஆற்றும் ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு லோடு ஆட்டோ ரேடியேட்டரை மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அதை மறைக்கவும் தெரியாமல் பெருமையாகப் படம் போட்டான். நீங்கள் எழுதினீர்கள்: "இது கார் அல்ல, சந்தையில் மிஞ்சிய காயெல்லாம் போட்ட கூட்டு." அத்தனை பேரும் சிரித்தார்கள். அவனைத் தடை செய்துவிட்டு அதை அடுப்படியில் வந்து படத்தோடு என்னிடம் வாசித்துக் காட்டினீர்கள். நானும் சிரித்தேன். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அதற்கு அடுத்த கோடையில் திருச்சுழியில் உங்கள் சித்தப்பா வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திரும்பினோமே, ஞாபகம் இருக்கிறதா? உச்சி வெயில், ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு. பானட்டிலிருந்து ஆவி வந்தது. இறங்கி நின்றோம். ஒதுங்க வேலிக்கருவேல மரத்தைத் தவிர நாலு பக்கமும் ஒன்றுமில்லை. பட்டுச்சேலையோடு நான் நின்றேன். ரேடியேட்டருக்கு மழைத்தண்ணீரோ பேட்டரித் தண்ணீரோதான் ஊற்ற வேண்டும் என்று உலகத்துக்கே பாடம் எடுத்த நீங்கள், வீட்டில் போர்த் தண்ணீரைத்தான் ஊற்றி வந்தீர்கள். குடத்தில் பூக்கிற உப்பு ரேடியேட்டரில் பூக்காதா? ஆனால் குடிதண்ணீர் லாரி வந்து ஒரு வாரமான நேரத்தில், "மனுசருக்கே இல்ல, இதுல வண்டிக்கு வேறயா" என்று குடத்தைப் பிடுங்கிக்கொண்டவள் நான்தான். அந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு.

அப்போதுதான் அந்தக் கூட்டுக் கார் வந்து நின்றது.

"என்னண்ணே, கொதிச்சிருச்சா? தண்ணிய ஊத்திராதீக. இப்ப ஊத்துனா ஹெட்டு விரிசல் விட்ரும். செத்த நேரம் ஆறட்டும்."

படத்தில் பார்த்த பால்பாண்டியின் வண்டி. உங்களுக்கும் அடையாளம் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. ஆறியதும் அவனே கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்தான்.

"பூராம் உப்புண்ணே. பல்லே வெளக்காதவன் வாயி மாதிரி இருக்கு. இனி இது ஆகாது. எங்கிட்ட லோடு ஆட்டோ ரேடியேட்டரு ஒண்ணு சும்மா கெடக்கு, எடுத்தாரேன்."

"அது ஒரிஜினல் இல்லையேப்பா" என்றீர்கள். அந்த நிலைமையிலும் அதைத்தான் சொன்னீர்கள்.

"ஒரிஜினலு வேணும்னா இங்கனயே நிக்க வேண்டியதுதான்ணே. அக்கா பாவம், வெயில்ல நிக்காக."

போனான், எடுத்துவந்தான், தாங்கியில் ஓட்டை போட்டு, ரப்பர் ஓஸ் குழாயை வெட்டி மாட்டினான். மூன்று மணி நேரம் மண்ணில் மல்லாந்து கிடந்தான். கடைசி நட்டை முறுக்கிக்கொண்டே கேட்டான்: "பழைய காருக்குன்னு நெட்டுல ஒரு மன்றம் இருக்குண்ணே. நீங்க அதுல இருக்கீகளா?"

"இல்லப்பா. எனக்கு அதெல்லாம் தெரியாது."

"நல்ல மன்றம்ணே. தலைவரு மட்டும் கொஞ்சம் கண்டிப்பு. என்னைய வெளிய தள்ளிட்டாக. ஆனா வெசயம் தெரிஞ்சவுக."

நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் வேலிக்கருவேலையைப் பார்த்தீர்கள். இத்தனை வருஷம் உங்களோடு குடும்பம் நடத்தியதில் அந்த ஒரு நிமிஷம்தான் எனக்கு உங்களைக் கண்டு அருவருப்பாக இருந்தது. அதை உங்களிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து என்ன செய்தீர்கள்? அவன் மாட்டிய ரேடியேட்டருக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தீர்கள். பழைய ரேடியேட்டரிலிருந்து கம்பெனி பெயர் பொறித்த பித்தளைத் தகட்டைப் பெயர்த்து, புதுசின் நெற்றியில் பசை போட்டு ஒட்டினீர்கள். படம் எடுத்து, "இன்றும் ஒரிஜினல் ரேடியேட்டருடன்" என்று போட்டீர்கள். அந்தப் பெரியமனிதக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கை தட்டினார்கள்.

"அந்தப் பையன் தடையவாவது எடுத்துவிடுங்க" என்றேன்.

"எடுத்தா ஏன்னு கேப்பாக" என்றீர்கள். அதற்கு அப்புறம் இரண்டு வருஷம் இருந்தீர்கள். எடுக்கவில்லை.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். போன மாதம் உங்கள் முதல் திதிக்கு, தலைவருக்கு மரியாதை என்று மதுரையிலிருந்து ஊர்வலமாக வந்தார்கள். எல்லாம் ஒரிஜினல் வண்டி. காரியாபட்டியிலேயே இரண்டு கொதித்து நின்றுவிட்டது. அதில் வந்தவர்கள் பஸ் பிடித்து வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சட்டையில் மட்டும் கார் படம் இருந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால், உங்கள் பியட்டின் பானட்டைத் திறந்து மாலை போட்டுப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருக்கிறாரே, உங்கள் துணைத்தலைவர், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் வண்டியைத் தொடுவார், அவர் பக்தியோடு அந்தப் பித்தளைத் தகட்டைத் தடவினார். தகடு கையோடு வந்துவிட்டது. பாயசத்தில் பல்லியைக் கண்டவர் மாதிரி நின்றார்.

அதிர்ச்சி சாப்பாட்டைத் தடுக்கவில்லை. பாயசம் இரண்டு தரம் வாங்கினார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் மன்றத்தில் தலைப்பு வந்தது: "நிறுவனர் நம்மை ஏமாற்றினாரா?" உங்கள் பெயரை எடுப்பதா வேண்டாமா என்று ஏழு நாள் ஓட்டு. எடுக்க வேண்டும் என்ற பக்கம்தான் ஏறிக்கொண்டு போனது. ஆலமரம் என்று எழுதினாரே, அவர் முதல் ஆளாகப் போட்டிருந்தார்.

நம் வண்டி நம்பரையே கடவுச்சொல்லாக வைத்துவிட்டு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். அதைப் போட்டு உங்கள் கணக்கில் நான் உள்ளே போனேன். அந்தத் தலைப்பை அழித்திருக்கலாம். மன்றத்தையே அழித்திருக்கலாம். விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அழித்தால் நானும் கறுப்புப் பெயின்ட் அடித்தவள் ஆவேன். உண்மையைச் சொன்னால் உங்கள் பெயர் மொத்தமாகப் போகும். ரேடியேட்டர் பொய் மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். அதைவிடக் கேவலமானது எனக்கு மட்டும்தானே தெரியும்?

கடைசியில் எழுதினேன். "ஆமாம், ஏமாற்றினார். அது லோடு ஆட்டோ ரேடியேட்டர். நடுரோட்டில் அதை மாட்டிக் கொடுத்தவர் எம்.ரெட்டியபட்டி பால்பாண்டி. அதே ரேடியேட்டருக்காக அவரை இங்கிருந்து தள்ளியவர் என் வீட்டுக்காரர். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். இனி உங்கள் முறை. எல்லாரும் பானட்டைத் திறங்கள்."

அடுத்த நாள் மதுரையிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், தன் காரில் மின்சாரம் எடுக்கும் டைனமோவின் வெளிக்கூட்டுக்குள் வேறு காரின் ஆல்டர்னேட்டர் இருப்பதாக எழுதினார். அப்புறம் மடை திறந்த மாதிரிதான். ஒருவருக்கு பிரேக், ஒருவருக்கு கியர்பெட்டி. ஆலமரம் என்று எழுதியவருக்கு இன்ஜினே டீசல் இன்ஜின் அத்தான்! கோயம்புத்தூர்க் கையுறைக்காரர் மின்சார ஃபேன் போட்டு, சுவிட்சை ஸ்டியரிங்குக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாராம். இத்தனை வருஷம் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒரே ஒரு ஒரிஜினல் வண்டி இல்லை. இருந்த இரண்டும் காரியாபட்டியில் நின்றுவிட்டது.

சரி, வெட்கப்பட்டார்களா? அதுதான் இல்லை. "உங்கள் துணிச்சலுக்கு வணக்கம்" என்று மாற்றி மாற்றிப் பாராட்டிக்கொண்டார்கள். ஓட்டெடுப்பை ஆரம்பித்தவரே அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். உங்கள் பெயர் தப்பியது. பால்பாண்டியிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அவன் பெயருக்கு எதிரே "தடையை நீக்கு" என்று ஒரு பொத்தான் இருந்தது. ஒரு தடவை அமுக்கினேன், முடிந்தது. ஒரே ஒரு அமுக்கு அத்தான். இதற்கா இரண்டு வருஷம் போதவில்லை?

மறுநாள் காலையில் அவன் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"அக்கா வணக்கம். திருப்பிச் சேத்ததுக்கு நன்றி. அண்ணன் யாருன்னு அன்னைக்கு ரோட்டுலயே எனக்குத் தெரியும். வண்டி நம்பர மன்றத்துல எத்தன படத்துல பாத்திருக்கேன். அவுகளாச் சொல்லட்டும்னுதான் மன்றத்தப் பத்திக் கேட்டேன். அவுக சொல்லல. அது போகட்டும். நான் மாட்டுன கீழ் ஓஸு பழசு, அன்னைக்கு வேற இல்ல. அத மாத்தாம வண்டியத் தூரந்தொலைவு எடுத்துராதீக. ஞாயித்துக்கெழம வாரேன்."

நீங்கள் போனதற்கு அழுதது ஒரு அழுகை. இதைப் படித்துவிட்டு அழுதது வேறு. அவன் உங்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறான். நீங்கள் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வந்தான். ஓஸை மாற்றினான். உங்கள் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டான். அடுப்படியிலிருந்து குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்து, வண்டிக்கு நானே ஊற்றினேன்.

உங்கள் பெயர் முதல் பக்கத்தில் இருக்கும். அதற்குப் பக்கத்தில் இனி பால்பாண்டி பெயரும் இருக்கும். கூட்டு என்று நீங்கள் எழுதிய வரியையும் அழிக்க மாட்டேன், வருகிறவர்கள் படிக்கட்டும். அந்தப் பித்தளைத் தகட்டை என் கையால் திரும்ப ஒட்ட மாட்டேன். பானட்டைத் திறந்து யார் கேட்டாலும், வண்டி என் அத்தானுடையது, அதை வீடு கொண்டுவந்து சேர்த்தது அவர் வெளியே தள்ளியவன் என்று சொல்வேன். இது சத்தியம்.

உங்களை விட்டுக்கொடுக்கவும் முடியாத, உங்களுக்காகப் பொய் சொல்லவும் முடியாத
உங்கள் மாமன் மகள்,
நாகலட்சுமி