நோன்பு திறந்த குகைமீன்கள்

டெக்சாஸ்,
நவம்பர் 2004

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முட்டிவலி தேவலையா? நான் நல்ல சுகம்.

எங்கள் ஆய்வகத்து மீன்கள் குகை இருட்டில் வாழ்பவை, கண்ணில்லாதவை. வெள்ளம் வந்தால்தான் அவற்றுக்கு இரை. அதைக் கொழுப்பாகச் சேர்த்து, உடம்பின் செலவைச் சுருக்கி, மாதக்கணக்கில் பசி தாங்கும். அதைச் சோதிக்கத்தான் பட்டினி போட்டிருந்தோம். நேற்று மக்ரிப் நேரத்தில் பேரீச்சம்பழத்தை வாயில் போட்ட கையோடு தொட்டியிலும் இரையைத் தூவிவிட்டேன். நோன்பு திறக்கும்போது பக்கத்திலிருப்பவருக்குக் கொடுத்தே பழகிய கை! சோதனை பாழ். "முடியாவிட்டால் ஊருக்குப் போ" என்றார் பேராசிரியர். "முதலிலிருந்து தொடங்குகிறேன்" என்றேன்.

நீங்களும் போனில், "படிச்சது போதும் கண்ணு, ஊட்டுக்கு வந்துரு" என்கிறீர்கள். வரமாட்டேன் அத்தா. பெண் கேட்டு வருகிறவர்களிடம், மகள் மீனைப் பட்டினி போடுகிறாள் என்றே சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

நம் கடையிலிருந்து கொல்லிமலை மிளகு கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே வாங்குவதில் காரமே இல்லை. நோன்புக் கஞ்சிக்கு என்னென்ன போட வேண்டும் என்று அம்மாவை எழுதச் சொல்லுங்கள். கஞ்சியில்லாத நோன்பில், பசி தாங்குவதில் மீனிடம் தோற்றுவிட்டேன். வேறு யாரிடமும் தோற்கமாட்டேன்.

ஆய்வகத்துக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
அப்ஸானா