ரிட்டர்ன் லாரி

பிப்ரவரி 4

என் அருமை மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், முட்டி இரண்டும் நலமில்லை. நீயும் உன் பெண்டாட்டியும் பேத்தி வாலுவும் சுகமாக இருக்கவேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. "தனியாக இருந்தது போதும், எங்களோடு வந்துவிடு" என்ற வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாய், அதுவும் வாலு பிறந்தபோது. அப்போது நடந்ததை நான் மறக்கவில்லை. உனக்கும் ஞாபகமிருக்கும்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைக்காதே. போனில் பேசினால் பாதி வார்த்தை காதுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. மூன்றாம் வகுப்போடு நின்ற கைதான் என்றாலும் எழுதினால் ஒரு எழுத்து விடாமல் போய்ச் சேரும்.

நீ அனுப்பிய பேக்கர்ஸ் கம்பெனி ஆள் வந்தார். டேப் வைத்து அலமாரியை அளந்தார், கட்டிலை அளந்தார், விட்டால் என்னையும் அளந்திருப்பார். கடைசியில், "எல்லாம் சேர்த்து அறுபத்தெட்டாயிரம் ஆவும் பாட்டிம்மா" என்றார். மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "ஏம்பா, சாமானைக் கொண்டுபோறதுக்கா, புதுசா வாங்கித் தர்றதுக்கா?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலைப் பிரித்து மாட்ட மட்டும் தனிக் கூலியாம். உன் அப்பா ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு, வாயிலிருக்கும் பீடி அணைவதற்குள் அந்தக் கட்டிலைப் பிரித்துவிடுவார். வழியில் உடைந்தால் பணம் தர இன்ஷூரன்ஸ் என்று வேறு ஒரு தொகை. உடைக்காமல் கொண்டுபோவதற்குத்தானே முதல் தொகை?

இந்தச் செலவில் நான் வரமாட்டேன். நீயே யோசித்துச் சொல்.

அன்புள்ள அம்மா

---

பிப்ரவரி 12

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். நீ பயப்படாதே, பேக்கர்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வழி கண்டுபிடித்திருக்கிறேன். இவ்வளவு தூரத்துக்கு ஒரு பக்கம் மட்டும் லாரி பேசினால், அது காலியாகத் திரும்பும் செலவையும் நம் தலையில்தான் கட்டுவார்கள். அறுபத்தெட்டாயிரம் வந்தது அதனால்தான். இங்கே நம் ஏரியாவிலிருந்து ஒரு குடும்பம் உன் ஊருக்கே வீடு மாறுகிறது. அவர்கள் சாமானை இறக்கிவிட்டு அதே லாரி உன் வாசலுக்கு வரும். ரிட்டர்ன் லாரி என்பார்கள். போக வர மொத்த வாடகையில் பாதி அவர்கள் கொடுத்துவிட்டார்கள். நம் பங்கு ஏற்றுக்கூலி இறக்குகூலி எல்லாம் சேர்ந்து இருபத்திரண்டாயிரம்தான்.

இது நீ சொல்லிக்கொடுத்த கணக்குதான் அம்மா.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிடு, அட்வான்ஸைக் கேட்டு வாங்கிக்கொள். மிக்சி, பிளாஸ்டிக் நாற்காலிகள் வேண்டாம், இங்கே இருக்கிறது. இங்கே லிஃப்ட் இருக்கிறது, உன் முட்டிக்கு வேலையே இல்லை.

உன் அன்பு மகன்

---

பிப்ரவரி 20

என் அருமை மகனுக்கு, அம்மாவின் ஆசிகள்.

உன் கடிதத்தைக் கீழ்வீட்டு டீச்சரிடம் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த மூன்று மாடிக்கும் குழாய்த் தண்ணீர் ஏறாது. ஏறும்போது குடம், இறங்கும்போது குப்பை, வெறும் கையோடு படியில் கால் வைக்காதே என்று உன் முதுகில் நாலு போட்டு வளர்த்தேன். அன்றைக்கு அழுதாய். இன்றைக்கு லாரிக்கே அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறாய். பாதி வாடகை கொடுத்த அந்தக் குடும்பம் யாரென்று தெரியாது, நன்றாக இருக்கட்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். இருபத்தாறு வருஷம் குடியிருந்தவள் போகிறேன் என்கிறேன், மனுஷன் மறுநாளே வேறு ஆளைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டுகிறார். லாரி வரும் வாரமே அவர்கள் குடிவருகிறார்கள். அவர் முகத்தில் ஒரு வருத்தம்? ஒரு பேச்சுக்குக்கூட இல்லை. இதையும் எழுதி வைத்துக்கொண்டேன், மனசில்தான்.

இரண்டு விஷயம் கேட்கவேண்டும். ஒன்று, என் கட்டில். உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு ரூம். ஒன்றில் நீங்கள், இன்னொன்றில் வாலுவின் கட்டிலும் துணி அலமாரியும். என் கட்டிலை எங்கே போடுவாய், லிஃப்டிலா?

இரண்டாவது, உன் பெண்டாட்டி என்ன சொன்னாள்? நீ எழுதியதில் அவள் பேச்சே இல்லை. அவள் திமிர் பிடித்தவள், நான் என்றைக்கும் மறைத்துப் பேசியதில்லை. அன்றைக்கு என் தகரப் பெட்டியைத் தூக்கிப் பால்கனியில் வைத்தாள், ராத்திரி மழை கொட்டி என் நல்ல புடவையெல்லாம் துருப்பிடித்த தண்ணீரில் ஊறியது. ஒரு வார்த்தை கேட்டாளா? போகட்டும். அவள் வீட்டுக்கு வரப்போகிறேன், அவள் கையால் ஒரு வரி வரட்டும், "வாங்க அத்தை" என்று. எனக்கு அது போதும்.

அன்புள்ள அம்மா

---

மார்ச் 1

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். அவளுக்கு ஸ்கேன் சென்டரில் வேலை அதிகம், எழுத நேரமில்லை. முழுச் சம்மதம்தான். அதைப் பற்றி நீ யோசிக்காதே.

கட்டிலுக்கு இடமாகிவிட்டது. ஜன்னலோரம் நீளவாக்கில் நன்றாக உட்காரும். அளந்து பார்த்துவிட்டேன். வாலு பாட்டி பாட்டி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

லாரி பத்தாம் தேதி காலையில் வரும். உன்னை அழைத்துவர எனக்கு லீவு கிடைக்கவில்லை. சாமான் ஏற்றியதும் அன்றைக்கே நீ ரயில் ஏறிவிடு, ஸ்டேஷனில் நான் நிற்பேன். டிக்கெட் இத்துடன். டிரைவர் அவசரக்காரர், அவரிடம் அதிகம் பேச்சுக் கொடுக்காதே.

உன் அன்பு மகன்

---

மார்ச் 11

மகனுக்கு,

ஸ்டேஷனில் காத்திருந்திருப்பாய். இந்த நேரம் திரும்பிப் போயிருப்பாய். எழுத்து குளறினால் கூட்டிப் படித்துக்கொள்.

லாரி சொன்னபடி வந்தது. ஏற்றுவதற்கு முன்னால் உள்ளே ஏறிப் பார்க்கவேண்டும் என்றேன். "உள்ள என்ன பாட்டி இருக்கு, வெறும் தகரம்தான்" என்று டிரைவர் சிரித்தார். இந்த வீட்டுக்கு நாம் குடிவந்த அன்றைக்கு லாரித் தரையில் கிடந்த சுண்ணாம்பு மெத்தை முழுக்க அப்பிக்கொண்டதே, அந்த லாரிக்காரன் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. விடுவேனா? ஸ்டூல் போட்டு ஏறினேன்.

மூலையில் கயிற்றுக் குவியல். அதற்குப் பின்னால் ஒரு சிவப்பு மூன்று சக்கர சைக்கிள். சிவப்பு சைக்கிள் ஊரெல்லாம் இருக்கும். ஆனால் கைப்பிடியில் நீலப் புடவைத் துண்டைச் சுற்றித் தைத்தது ஒன்றுதான் இருக்கும். வாலுவுக்கு வாங்கி அனுப்பியபோது, கைப்பிடி வழவழவென்று இருக்கிறதே, பிள்ளை கை வழுக்குமே என்று நான் தைத்தது. பாதியில் நீல நூல் தீர்ந்து இடது பக்கம் மட்டும் கறுப்பு நூல் போட்டேன். குனிந்து பார்த்தேன். கறுப்பு நூல்.

"இது ஏதுப்பா?"

"முன்ன இறக்கின வீட்டோடது பாட்டி. கயித்துக்குப் பின்னால இருந்ததால கண்ணுல படல. போற வழியில குடுத்துடலாம்னு இருக்கேன்."

"எங்க ஏத்தினீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்ன பாட்டி இப்படிக் கேக்கறீங்க. இதை ஏத்தின வீடும் உங்க சாமானை இறக்கப்போற வீடும் ஒண்ணுதானே. ஒரே சார்தானே ரெண்டுக்கும் பேசினார். உங்களுக்குத் தெரியாதா?"

தகரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயிலில் அது சுட்டது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. "நம் ஏரியாவிலிருந்து ஒரு குடும்பம்" என்று எழுதினாய். பொய்யில்லை. உன் குடும்பம்தான். ஜன்னலோரம் என் கட்டிலுக்கு எப்படி இடம் வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. அங்கே என் பேத்தி படுத்திருந்தாள்.

ஒரு சாமானும் ஏற்றவேண்டாம் என்று சொல்லிவிட்டு, சைக்கிளை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். பழைய பஸ் டிப்போவைத் தாண்டி, சைக்கிள் கடைச் சந்து, முதல் மாடி. வாலுதான் கதவைத் திறந்தாள். "பாட்டி, லாரியிலயா வந்தீங்க? முன்னாடி உக்காந்தீங்களா, பின்னாடியா?" அவளுக்கு அதுதான் பெரிய விஷயம்.

உன் பெண்டாட்டி பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. வாங்க என்று சொல்லவில்லை.

"நீங்க சொன்னபடி கிளம்பி வந்துட்டேனே அத்தை. நான் பிறந்து வளர்ந்த இந்த ஊர்லயும் இருக்கக்கூடாதா?"

"நான் என்னடி சொன்னேன்?"

"'அவ இருக்கற வீட்டுல கால் வைக்கமாட்டேன், அவளை அனுப்பிட்டுக் கூப்பிடு'ன்னு எழுதியிருந்தீங்களாமே."

அவளைப் பற்றி நான் உனக்கு எழுதியதெல்லாம் வரி வரியாக எனக்குத் தெரியும். திமிர் என்று எழுதியிருக்கிறேன். கல்யாணத்தன்று என் அக்காவுக்கு எழுந்து நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். பெட்டி விஷயத்தை வருஷத்துக்கு ஒருமுறை எழுதியிருக்கிறேன். அனுப்பிவிடு என்று ஒரு எழுத்து எழுதியதில்லை. அதை அவளிடமும் சொன்னேன்.

அவள் ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். "நாங்க சரியாப் பேசியே ஒரு வருஷம் ஆச்சு அத்தை. இதுக்கு மேல முடியாதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். யார் முதல்ல சொல்றதுன்னுதான் தெரியல. கடைசியில உங்க வாயைக் கடன் வாங்கிக்கிட்டார்" என்றாள். லாரிக்குப் பாதிப் பணம் அவள்தான் கொடுத்தாளாம். அதையும் கேட்டேன், காதில் விழுந்ததுதானா என்று இன்னொரு தரமும் கேட்டேன்.

உங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லையென்றால் அது உங்கள் பாடு. பிரிகிறவர்கள் பிரிகிறார்கள், அதற்கு நான் நாட்டாமை இல்லை. ஆனால் அவளைத் திட்டுவது என் பாத்தியதை. அவளைத் துரத்துவதற்கு என் வாயை எடுத்துக்கொள்ள உனக்கு யார் பாத்தியதை கொடுத்தது? மகன் கூப்பிடுகிறான் என்று டீச்சரிடம் பெருமை அடித்துக்கொண்டேனே. பெண்டாட்டியை ஏற்றி அனுப்பிய வண்டியில் அம்மாவை ஏற்றி வரச்சொல்லியிருக்கிறாய். பாதி வாடகை மிச்சம்.

படியில் உட்கார்ந்து யோசித்தேன். என் வீட்டுக்கு வேறு ஆள் வருகிறார்கள். திரும்ப இடமில்லை. உன்னிடம் வந்தால் நீ சொன்னது நிஜமாகிவிடும், நான் கால் வைக்கத்தான் அவள் வெளியே போனாள் என்று. வாலு பெரியவளாகி அதையே நம்புவாள். அதனால் மறுபடி மேலே ஏறினேன்.

"இந்த வீட்டுக்கு வாடகை எவ்வளவு?" என்று கேட்டேன். சொன்னாள். அதிகம்தான், ஏமாற்றியிருக்கிறார்கள். "பாதி நான் தர்றேன்."

"இங்க இடமில்லை அத்தை."

"தெரியுது. வேற வீடு கிடைக்கிற வரைக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"கிடைக்கிற வரைக்கும்னா கிடைக்கிற வரைக்கும். அப்புறம், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு என் பெட்டியை மழையில வெச்சது நீதானே?"

"ஆமா, நான்தான் வெச்சேன். உள்ள இடமில்லை. மழை வரும்னு நினைக்கல."

மறைக்கவில்லை. சாரியும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்குப் போகவும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் அவள் உன்னைவிட மேல்.

"இங்கயும் பால்கனியிலதான் வைக்கணும்" என்றாள்.

"அப்ப ஒரு தார்ப்பாய் வாங்கிட்டு வா."

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே போனாள்.

சாயங்காலத்துக்குள் அதே லாரியில் என் சாமான் பஸ் டிப்போ தாண்டி வந்துவிட்டது. கட்டில் நடை வழியில் கிடக்கிறது, வாலு அதில் குதித்துக்கொண்டிருக்கிறாள். டிரைவர் தலையைச் சொறிந்தார். "இவ்வளவு தூரம் காலியாவா பாட்டி திரும்பிப் போறது? சாருக்கு என்ன சொல்றது?" என்றார். ஏதாவது ஒரு கூடையாவது கொடுங்கள், மனசு கேட்கவில்லை என்றார். எனக்கும் கேட்கவில்லை. வெறும் கையோடு ஒரு படி இறங்காதவள் நான். வீடு முழுக்கத் தேடிப் பார்த்தேன். இந்தக் கடிதத்தைத் தவிர உனக்குக் கொடுத்தனுப்ப ஒன்றும் இல்லை.

பதில் எழுதுவதானால் விலாசம் உனக்கே தெரியும். லாரிக்காரருக்கு நீ எழுதிக்கொடுத்ததுதான்.

இதை நீ படிக்கும்போது லாரி உன் வாசலில் நிற்கும். கதவைத் திறந்து உள்ளே ஏறிப் பார்.

அம்மா