வேப்பம்பட்டில் ஒரு பவளப்பாறை

ஞாயிறு, இரவு.

எத்தனை முறை வாய் கொப்பளித்தும் அந்த உப்பு போகவில்லை.

என் மனைவியின் தம்பி சேகர் வேப்பம்பட்டில் மனை விற்கிறான். இன்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். மனை பார்க்க ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். போர் தண்ணீரை எல்லோருக்கும் டம்ளரில் கொடுத்தான். அந்த அம்மாள் வாயில் வைத்ததும் துப்பினார்.

“துப்பாதக்கா, இதுல லித்தியம் கீது. பேட்டரிக்குப் போடுறாங்களே, அதான். ஒரு காலத்துல இதெல்லாம் கடலு. அடியில பவளப்பாறை பொதைஞ்சி கீது, அதோட பொந்துல நிக்கிற தண்ணிதான்க்கா இது. கம்பெனிக்காரன் தேடிக்கினு வருவான். எங்க மாமாவைக் கேளு, பாறையைப் பத்திப் படிச்சவரு.”

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று பொங்கலன்று கேட்டவனுக்கு நான் சொன்ன விஷயம் அது. ஆனால் அம்பத்தூர் ஆபீஸில் உட்கார்ந்து ஒரு லித்தியம் கம்பெனிக்காக நான் வரைவது எங்கோ வெளிநாட்டில், சில கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்து கிடக்கும் பவளப்பாறையை.

“இங்க பவளப்பாறையே கிடையாதுங்க. இது வெறும் உப்புத் தண்ணி, குடிக்கக்கூட ஆகாது. வாங்காதீங்க” என்றேன்.

கணவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சேகரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். பேசியது எனக்கும் கேட்டது.

“இன்னா, உங்க மாமா நம்மளக் கெளப்பிவுட்டு, அவரே வளைச்சிப்போடப் பாக்குறாரா? இந்தா, இப்பவே அட்வான்ஸ் புடி.”

அந்த அம்மாள் மீதித் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி, தீர்த்தம்போல் இறுக்கி மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சேகர் இப்போது செய்தி அனுப்பியிருக்கிறான். அடுத்த ஞாயிறும் நான் வர வேண்டுமாம். வந்து இதையே சொன்னால் போதுமாம்.