நெஞ்சு உதைக்கும் நேரம்

ஜனவரி 11, 1966. செவ்வாய்

காற்று இறங்கிவிட்டது, தண்ணீர் தெளிந்திருக்கிறது. பொத்தான் செய்ய வாங்கும் டர்போ சிப்பிக்கு முங்கிக் குளிக்கப் போனோம். படகில் எல்லாரும் மத்தியாசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூத்துக்குடிக்காரன், போன கப்பலில் இந்தத் தீவுக்கு வந்தவன், மீசைகூட ஒழுங்காக அடரவில்லை. எட்டு வருடமாக இந்தப் படகில் முங்கினால் கடைசியாகத் தலை தூக்குகிறவன் நான். இன்று நான் ஏறி, கண்ணைத் துடைத்து, பீடி பற்றவைத்த பிறகுதான் அவன் வந்தான். அதுவும் சிரித்துக்கொண்டு. எஞ்சின் ஓட்டும் அழகேசன், "அரே வாஹ், என்னா தம்முடா இவனுக்கு!" என்று கை தட்டினான். எட்டு வருடத்தில் எனக்கு ஒரு நாள் தட்டியிருப்பானா?

ஜனவரி 12

என் வீட்டுக்காரி செல்வம்மாள் அவனுக்கு நண்டுக் குழம்பு கொடுத்தனுப்பினாள். "தனியாக் கெடக்கற புள்ள, பாவம்" என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் நானும்தான் தனியாகக் கிடந்தேன். எந்த மகராசி நண்டு கொடுத்தாள்?

ஜனவரி 17

படகு முதலாளி திருநாவுக்கரசு எங்களை டாக்டர் ஜெகநாதனிடம் அனுப்பினார். வடக்கே திக்லிபூர் பக்கம் சிப்பிக்குப் போகும் முன் வருடாவருடம் நடப்பது. அந்தப் பயணத்துக்கு மூப்பன் யார் என்பதையும் முதலாளி இனிமேல்தான் சொல்வாராம்! எங்கே குளிப்பது, யார் முதலில் இறங்குவது என்று சொல்கிறவன் மூப்பன். எட்டு வருடமாக நான். இப்போது என்ன யோசனை வேண்டிக்கிடக்கிறது?

டாக்டர் கையில் பட்டையைச் சுற்றினார். "பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கே கஸ்பார். யார் மேலயாவது கோபமா?" என்றார். இல்லை என்றேன். சொல்லும்போதே பட்டைக்கு அடியில் நாடி துள்ளியது. மனசு எரிந்தால் மூளை ரத்தக்குழாயை இறுக்குமாம்.

மத்தியாசுக்கு எல்லாம் சரியாக இருந்ததாம். அவனுக்கு எதற்கு ஏறப்போகிறது?

ஜனவரி 19

கண்டுபிடித்துவிட்டேன். இறங்கும் முன் அவன் கொல்லன் துருத்தி போலப் புஸ் புஸ்ஸென்று வேகவேகமாக ஊதி ஊதி இழுக்கிறான். அவ்வளவுதானா சங்கதி! நான் இதுவரை ஒரு மூச்சு நிறைய இழுத்துக்கொண்டு இறங்குகிறவன்.

ஜனவரி 21



அவன் ஊதியதைப் போல் ரெண்டு பங்கு ஊதினேன். தலை லேசாகச் சுற்றியது, விரல் நுனி குறுகுறுத்தது. இறங்கினேன். கீழே எவ்வளவு சுகம்! வழக்கமாக ஒரு கட்டத்தில் நெஞ்சு உதைக்கும். உதைத்தால் மேலே வந்துவிட வேண்டும், அதுதான் கணக்கு. இன்று உதைக்கவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இன்னொரு சிப்பி. இன்னும் ஒன்று.

பிறகு கண் விழித்தால் படகின் பலகை. என் வாயில் வாயை வைத்து ஊதிக்கொண்டிருக்கிறான் மத்தியாஸ்.

ஜனவரி 22

மத்தியாஸ் முதலாளியிடம், "அண்ணனுக்குக் காலு இழுத்துக்கிட்டு, தண்ணி குடிச்சிட்டாரு, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டானாம். என் மானத்தைக் காப்பாற்றுகிறானாம். அதிலும் அவன்தான் பெரியவன்! நன்றி சொல்ல வேண்டும். வாய் வரவில்லை.

ஜனவரி 24

டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். திட்டினார்.

"மூச்சு முட்டுறது நல்ல காத்து குறைஞ்சதால இல்ல கஸ்பார். கெட்ட காத்து உள்ள சேருறதால. பிடரிக்கு மேல, மூளையோட அடியில ஒரு இடம் அதைப் பார்த்துக்கிட்டே இருக்கு. சேர்ந்துட்டா நெஞ்சை உதைக்கச் சொல்லும். நீங்க கெட்ட காத்தை முன்னாலயே ஊதித் தள்ளிட்டீங்க. அப்புறம் அது எதைப் பார்த்துச் சொல்லும்? நல்ல காத்து தீர்ந்தது தெரியாமலே மயங்கிட்டீங்க." பிரஷரைக் கூட்டிக் குறைப்பதும் அந்தப் பக்கத்து வேலைதானாம்.

"யார் சொல்லிக்குடுத்தா இப்படி ஊத?" என்றார். யாருமில்லை என்றேன்.

ஜனவரி 26

மத்தியாஸ் இன்றும் ஊதிவிட்டுத்தான் இறங்கினான். அது ஆபத்து என்று சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கால் இழுக்கவில்லை, மயங்கினேன் என்று சொல்ல வேண்டும். கடலில் மயங்கினவனை எந்த முதலாளி இறக்குவான்? சும்மா சொன்னாலோ, பொறாமை என்று சிரிப்பார்கள். பொறாமைதானே.

சொல்லாவிட்டால்? சேசுவே, சொல்லாவிட்டால் என்ன என்று இந்தக் கை எழுத வருகிறது.

ஜனவரி 31

சாத்தம் படகுத்துறையில் சாமான் ஏற்றும்போது முதலாளி சொல்லிவிட்டார்: "இந்த வருசமும் கஸ்பார்தான் மூப்பன்." செல்வம்மாள் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றப் போயிருக்கிறாள். மத்தியாஸ் முகம் சுண்டிவிட்டது. பார்க்க நன்றாக இருந்தது. எழுதினால் என்ன, நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 3. திக்லிபூர்

முதல் குளி. மத்தியாஸ் என்னைப் பார்த்துக்கொண்டே ஊத ஆரம்பித்தான். நிறுத்தவே இல்லை. வழக்கத்தைப் போல் ரெண்டு பங்கு. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அது என் பார்வை.

"ஏல, நிப்பாட்டு!" என்று கத்தினேன். "எனக்குக் காலும் இழுக்கல, ஒரு மண்ணும் இழுக்கல. உன்னய மாரி ஊதித்தாம்ல மயங்குனேன். நெஞ்சு உதைக்காதுல, செத்துப்போவ!"

அழகேசன் எஞ்சினை அணைத்தான். கூடவே வந்திருந்த முதலாளி என் பக்கம் திரும்பினார். "அப்போ நீங்க இனிமே இறங்க வேண்டாம் கஸ்பார். கயிறு பிடிங்க" என்றார்.

பிப்ரவரி 4

மத்தியாஸ் மூப்பன்.

பிப்ரவரி 20. ஞாயிறு

அவன் இடுப்பில் கட்டிய கயிறு என் கையில். இப்போதெல்லாம் ஊதுவதில்லை, ஒரே மூச்சோடு இறங்குகிறான். அவன் இறங்கும்போது என்னையறியாமல் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். இன்று என் நெஞ்சு உதைத்தது. அவன் வரவில்லை. பதறிப்போய் வேகவேகமாக இழுத்தேன்.

முழு நினைவோடு, கோபமாக வந்தான். "என்னண்ணே, இன்னும் மூச்சு இருந்துச்சே!"

இருந்திருக்கிறது. ஊதாமலே அவன் மூச்சு என்னுடையதைவிட நீளம். வயிறு எரிந்தது. கயிற்றைச் சரிபார்த்து அவனை மறுபடி இறக்கினேன்.