யார் முதுகுக்கு அளவு

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நடுவில் ஒன்றிரண்டு சண்டையும் போட்டுக்கொள்கிற அளவுக்கு நலம். நீயும் குறைந்தபட்சம் அந்த அளவுக்காவது நன்றாக இருக்க வேண்டும். மூன்று வாரமாக உன் குரலை நான் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்கிறேன், அப்பா காதோடு ஒட்டிவைத்திருக்கிற போனிலிருந்து கசிகிற அளவுக்கு. அம்மா எப்படி இருக்கா என்று நீ கேட்பதும், அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இருக்கா இருக்கா, நல்லா இருக்கா என்பதும் கேட்கிறது. நானாகப் போனை வாங்கிப் பேசியிருக்கலாம், ஆனால் பேச்சு என்றால் நான் பாதியில் கோபப்படுவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். காகிதம் என்றால் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அப்பா உடம்பு. குடலிறக்க ஆபரேஷன் நடந்து இன்றோடு பத்து வாரம், தையல் நன்றாக ஆறிவிட்டது, மாடிப்படி ஏறி இறங்குகிறார். மூணு கிலோவுக்கு மேல எதையும் தூக்கிடாதீங்க, சொல்லிட்டேன் என்று டாக்டர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு சமையலறைத் தராசைக் கூடத்துக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார். பஸ் ஓட்டிய மனிதர் இப்போது தலையணையைக்கூட எடை போட்டுவிட்டுத்தான் எடுக்கிறார். உன் சித்தி போன வாரம் வந்தவள், அத்தான் என்னையும் ஒருதடவை நிறுத்துப் பாருங்களேன் என்று கேலி செய்துவிட்டுப் போனாள். வெளியே சிரித்துக்கொள்கிறார், உள்ளுக்குள் அவருக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கிறது. தண்ணீர் வாளியை நான் தூக்கும்போது வேறு பக்கம் பார்க்கிறார்.

இனி நீ சொன்னதற்கு வருகிறேன். அப்பாவை நீ சுமைகூலி ஆக்கிட்டம்மா, போதும், உன் போட்டோ ஸ்டூடியோவை மூடிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க என்று சொன்னாய். எனக்குச் சுருக்கென்றது. அதனால்தான் உன்னிடம் வாய்க்கு வந்ததைப் பேசினேன். பேசிய பிறகு யோசித்துப் பார்த்தேன். டாக்டர் அன்றைக்கு அவரிடம், என்ன வேலை பார்த்தீங்க, கனம் தூக்குற வேலையா என்று கேட்டார். அப்பா, டிரைவருங்க, உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் என்றார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷத்திலிருந்து இருபத்து நாலு வருஷமாக, ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, என் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் கூட வந்த மனிதர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இதை உன்னிடம் மறைத்து வைப்பதில் அர்த்தமில்லை.

சண்டை போட்ட அன்றைக்கே சாயங்காலம், ஒரு வார்த்தையும் எழுதாமல், சக்கரம் வைத்த பெட்டிப் பையின் படத்தை அனுப்பியிருந்தாய். கோபத்திலும் உனக்கு என் தோள் ஞாபகம் வந்ததே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் கண்ணு, சக்கரம் வழவழப்பான தரைக்கு. எனக்கு வேலை தருகிற கட்டட ஒப்பந்தக்காரரின் இடத்தில் ஜல்லியும் மணலும் கம்பித் துண்டும்தான் தரை. மாதா மாதம் எந்த மாடி எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று படம் எடுத்துத் தருகிற வேலை, லிப்ட் கடைசியில்தான் வரும், அதுவரை கைப்பிடி இல்லாத படிதான். அங்கே அந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனால் அது என்னை இழுத்துக்கொண்டு கீழே வந்துவிடும். பழைய தோள் பையும் இனி ஆகாது, ஒரே பட்டை, எல்லாக் கனமும் ஒரு பக்கம், உடம்பைக் கோணலாக்கிவிடும். ஆகவே முதுகில் மாட்டுகிற பைதான் என்று முடிவு செய்து, நானும் அப்பாவும் கடைத்தெருவில் கேமராச் சாமான் விற்கிறவரிடம் போனோம்.

கடைக்காரர் விஷயம் தெரிந்தவர். பையைக் காலியாப் போட்டுப் பார்த்து வாங்காதீங்க, காலியா இருந்தா எல்லாப் பையும் சுகமாத்தான் இருக்கும், உங்க சாமானையெல்லாம் கொண்டு வாங்க என்று முன்னமே போனில் சொல்லியிருந்தார். இரண்டு கேமரா, மூன்று லென்ஸ், ப்ளாஷ், பேட்டரி எல்லாவற்றையும் இரண்டு துணிப்பையில் பிரித்து எடுத்துப் போயிருந்தேன். கனம் தோளில் நிற்கக் கூடாது, இடுப்பு எலும்பில் உட்கார வேண்டும், அதற்குத்தான் இடுப்பில் அகலப் பட்டை, கழுத்துக்குக் கீழே துருத்துகிற எலும்பிலிருந்து இடுப்பு வரை அளந்து அதற்கேற்ற பைதான் வாங்க வேண்டும் என்றார். ஜிப் முதுகை ஒட்டிய பக்கம் இருந்தால் பஸ் நெரிசலில் யாரும் திறக்க முடியாதாம். எல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. பிறகு அவர் டேப்பை எடுத்து, முதுகைக் காட்டுங்க என்றார். அப்பா திரும்பி நின்றார். கடைக்காரர் அளந்தார். அப்பா காலிப் பையையே மாட்டிக்கொண்டார், கொண்டுபோன சாமான் துணிப்பையிலேயே இருந்தது. நான் சுற்றி வந்து பட்டையை இழுத்துப் பார்த்து, தையலைத் தடவிப் பார்த்து, உங்களுக்கு நல்லா உட்காருது என்றேன். அவரும் ரெண்டு எட்டு நடந்து பார்த்து, சுகமா இருக்கு, இதையே போடச் சொல்லு என்றார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம், பஸ்ஸில் வழியெல்லாம் நல்ல பை வாங்கினோம் என்று பேசிக்கொண்டும் வந்தோம்.

வீட்டுக்கு வந்து சாமானையெல்லாம் அடுக்கி ஜிப்பை இழுத்ததும், அப்பா வழக்கம்போல ஒரு கையால் பையின் பிடியைப் பிடித்துக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். நானும் நின்றேன். அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது, எதற்காகப் பை வாங்கப் போனோம் என்று. நீ இங்கே இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். ஆபரேஷன் ஆகி, தராசை நடுக்கூடத்தில் வைத்துக்கொண்டு, தூக்கவே கூடாத ஆளுக்கு அளவெடுத்துப் பை வாங்கி வந்த வீடு நம் வீடாகத்தான் இருக்கும். நான் எடுத்து மாட்டிப் பார்த்தேன். அவர் உயரம் உனக்குத் தெரியும், என் உயரமும் தெரியும். இடுப்புப் பட்டை தொடையில் வந்து நின்றது. அப்பா சிரிக்கவில்லை. நாளைக்கு மாத்திக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் போனதும் கடைக்காரர் கேட்டார், அப்ப உண்மையில தூக்கப்போறது யாரும்மா. அப்பா மேலே சுற்றுகிற காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் என்றேன். நாலெழுத்து வார்த்தைதான், சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. பிறகு நான் முதுகைக் காட்டினேன், அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சாமானை நிரப்பி மாட்டிக்கொண்டு தெரு முனை வரை நடந்து, பக்கத்துக் கட்டடத்தில் இரண்டு மாடி ஏறி இறங்கி வந்து பார்த்துத்தான் எடுத்தோம். நான் கொஞ்சம் பெரியதைப் பார்த்தபோது அப்பா ஸ்டூலில் இருந்தபடியே, சின்னதே கொடுங்க, இவகிட்ட இடம் இருந்தா நிரப்பிடுவா என்றார். அதில் கொஞ்சம் பழைய டிரைவர் தெரிந்ததில் எனக்கு நிம்மதி. கறுப்பும் இல்லாத பச்சையும் இல்லாத ஒரு நிறம், உள்ளே கேமரா இருப்பதாக யாருக்கும் தோன்றாது. சித்திக்குப் பிடிக்கவில்லை, பூப்போட்டது இல்லையா என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை முதல் தடவையாகத் தனியாகக் கட்டடத்துக்குப் போனேன். முந்தின சாயங்காலமே அப்பா பையை அடுக்கி வைத்துவிட்டார். தூக்கக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னார், அடுக்கக் கூடாதுன்னு சொல்லலையே என்று ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து, மூன்று கிலோவுக்குள் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு உள்ளே வைத்தார். கனமானதை முதுகை ஒட்டி, லேசானதை வெளிப்பக்கம். வாசல் வரை வந்தார், அதற்கு மேல் வரவில்லை. அங்கே மேற்பார்வையாளர் என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், சார் வரலையா என்றார். வரலை, இனிமே நான் மட்டும்தான் என்றேன். ஏழு மாடி. முதல் இரண்டு மாடி பை நன்றாகத்தான் இருந்தது, கடைக்காரர் சொன்னபடி கனம் இடுப்பில் உட்கார்ந்தது. நாலாவது மாடியில் சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். இத்தனைக்கும் அது நல்ல பை, என் முதுகுக்கே அளவெடுத்த பை. அவர் தூக்கியது ஒற்றைப் பட்டைப் பை. நான் எப்போதும் கேமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முன்னால் ஏறிப் போவேன், மேலே போய்க் கையை மட்டும் பின்னால் நீட்டுவேன், எந்த லென்ஸ் வேண்டுமோ அது கையில் வந்து விழும். அந்தப் பையை இருபத்து நாலு வருஷத்தில் ஒருநாள்கூட நான் தூக்கிப் பார்த்ததில்லை. எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது. சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன், அங்கே பூச்சு வேலை செய்துகொண்டிருந்த பெண் மூச்சு வாங்குகிறது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு ஏழாவது வரை ஏறி எல்லாப் படமும் எடுத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைத்ததும் அவரிடம் கேட்டேன். இவ்வளவு கனமா இருந்துச்சே, ஏங்க ஒருநாள்கூடச் சொல்லலை என்றேன். அவர் லென்ஸ்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. சொல்லியிருந்தா நீ அந்தப் பெரிய லென்ஸை வீட்ல வெச்சிட்டுப் போயிருப்ப என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அந்த லென்ஸில் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் நாலு பேர் என்னைத் தேடி வந்தார்கள், உனக்குத் தெரியும். நீ சொன்னதில் பாதி சரி, வாலு. நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், போடி பைத்தியம் என்றார். ஆனால் சுமைகூலி என்ற வார்த்தையை மட்டும் இன்னொரு தடவை சொல்லாதே, அவர் காதில் விழுந்தால் தாங்க மாட்டார். ஸ்டூடியோவை நான் மூடவில்லை. மூடினால் அவர் தூக்கியதெல்லாம் எதற்கு என்று ஆகிவிடும். உன்னைப் பார்க்க வருகிறோம், மழைக்காலம் கழிந்ததும் ஒரு மாதம் வந்து இருக்கிறோம், ஆனால் திரும்பி வந்துவிடுவோம்.

நீ உன் கணினிப் பையை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு ஓடுகிற பழக்கத்தை விடு, இப்போது தெரியாது, பின்னால் தெரியும். வேளைக்குச் சாப்பிடு. உடம்பும் மனசும் நோகாமல், நினைத்த காரியம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் இதையேதான் சொல்லச் சொன்னார். கடைசியாக ஒன்று, மறக்காதே. அடுத்த தடவை போன் செய்யும்போது அம்மா எப்படி இருக்கா என்று அவரிடம் கேட்காதே. என்னிடம் கேள்.

இப்படிக்கு,
கோபமெல்லாம் ஆறிப்போன உன் அம்மா