படிவத்தில் "இல்லை" என்று எழுதியது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் தேறி, வீட்டுக்குள் நடமாடுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் சொன்னால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்பாய், அதனால்தான் கடிதம்.

பத்து நாளாகக் கீழ்த்தாடையில் வலி. மாடிப்படி ஏறினால் வரும், உட்கார்ந்தால் போய்விடும். கூடவே குமட்டலும் அசதியும். புதிய பல்செட்தான் காரணம் என்று முடிவு கட்டி, பல் மருத்துவரை நாலு வார்த்தை கேட்கப் போனேன். திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, "மெல்லும்போது வலிக்குதாம்மா, படி ஏறும்போதா?" என்றார். படி ஏறும்போது என்றேன். "அப்ப என் பல்செட் தப்பிச்சுது. நேரா ஹார்ட் டாக்டர்கிட்ட போங்க" என்று வண்டியும் பிடித்துக் கொடுத்தார். வண்டியிலிருந்து போனில் சொன்னதும், கீழ்வீட்டுத் தையற்காரி கழுத்தில் அளவு நாடாவோடு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். வாசலிலிருந்து நடந்தே போகிறேன் என்றதற்கு, "வீராப்பெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம், சக்கர நாற்காலில உக்காருங்கக்கா" என்று அதட்டினாள். நான் அடங்கி உட்கார்ந்தேன் என்றால் என் நிலைமையை நீயே ஊகித்துக்கொள். உனக்குச் சொல்லக் கூடாது என்று நான்தான் அவளிடம் சத்தியம் வாங்கினேன், அவளைத் திட்டாதே.

ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, பிறகு ஆஞ்சியோகிராம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்ததாம். மணிக்கட்டு வழியாக ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை அனுப்பி விரித்துவிட்டார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று. ஒருவேளைகூடத் தவறக் கூடாது, தவறவும் விடமாட்டேன். பெண்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் தாடை வலியாக, முதுகு வலியாக, வெறும் அசதியாகக்கூட இது வரலாம் என்றார் மருத்துவர். உனக்கு ஆறு மாதமாக அசதி. பிரஷர் மாத்திரையை நினைத்தால் போடுகிறாய், இல்லையென்றால் விட்டுவிடுகிறாய்.

இனி எழுதுவதற்காகத்தான் காகிதத்தை எடுத்தேன். என்னைச் சேர்க்கும்போது செவிலியர், "வீட்ல யாருக்காவது இதய நோய் இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். இல்லை என்று என் வாய் தானாகச் சொன்னது. முப்பத்திரண்டு வருடமாக அப்படித்தான் சொல்கிறேன், உன்னையும் எழுத வைத்திருக்கிறேன். அது உண்மையல்ல. உன் அப்பா திடீரென்று போகவில்லை. மூன்று வாரமாக நெஞ்சு அழுத்துகிறது, இடது கை கனக்கிறது என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பதவி உயர்வுக்கான மருத்துவத் தகுதிச் சோதனை வரவிருந்தது. அது முடியட்டும், அதுவரை வாயைத் திறக்காதீர்கள் என்றேன். என் கையெழுத்து அழகு என்று அதற்கான படிவத்தை நிரப்ப என்னிடம் கொடுத்தார். நெஞ்சுவலி உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று நான்தான் எழுதினேன். உயர்வு கிடைத்தது. ஐந்தாம் நாள் அலுவலகப் படியிலேயே விழுந்துவிட்டார். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது.

உனக்கு நாற்பத்தேழு. இந்த வாரமே மருத்துவரிடம் போ. அப்பாவுக்கு நாற்பத்தொன்பதில், அம்மாவுக்கு எழுபத்து நான்கில் என்று தெளிவாகச் சொல். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல். உப்பைக் குறை, ஒரு நாள்கூட விடாமல் நட. தீர்க்காயுளாக இரு. முடிவுகளை எண்களோடு எழுதி அனுப்பு, "எல்லாம் நார்மல்" என்ற ஒற்றை வரி வேண்டாம்.

என்மேல் கோபம் வரும், வரத்தான் வேண்டும். பரிசோதனையை முடித்துவிட்டு வந்து கோபித்துக்கொள்.

ஆசிகளுடன்,
உன் அம்மா